எண்ணெய் விலையும் உலக அரசியலும்

"கச்சா எண்ணெயின் விலை ஒரு பீப்பாய்க்கு இத்தனை டாலராக உயர்ந்தது" என்று வானொலிச் செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். கேட்டுவிட்டு, அது பெரிய இடத்துச் சங்கதி என்று விட்டுவிடுகிறோம். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடும் நேரத்தில் மட்டும்தான் நமக்கும் அதற்கும் உறவு என்று ஓர் எண்ணம். 1974ஆம் ஆண்டில் பால்மரம் வெட்டிய பெரியவர் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அவ்வாண்டில் ரப்பர் விலை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்த விலை ஆடிய ஆட்டத்துக்குக் காரணமான முடிவுகள் குவைத்திலும் தெஹ்ரானிலும் எடுக்கப்பட்டவை. எடுத்தவர்கள் ரப்பரை நினைத்தவர்கள் அல்லர். மலேசியாவையும் நினைத்தவர்கள் அல்லர். ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பணியவைக்க எண்ணெய் விலையை எவ்வாறு கையாள்கிறது, அதன் அடி எங்கே போய் விழுகிறது என்பதை இன்று காண்போம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம். ஒரு தோட்டம், அதில் ஒரே ஒரு மளிகைக் கடை. பட்டணத்துக்குப் போக வாரத்தில் ஒருநாள்தான் லோரி. கடைக்காரருக்கும் மேல் லயத்தில் உள்ள ஒரு குடும்பத்துக்கும் தகராறு வந்துவிடுகிறது. "அந்தக் குடும்பத்துக்கு அரிசி கிடையாது" என்கிறார் அவர். இது தடை. ஆனால் அக்கம் பக்கத்தார் தங்கள் அரிசியில் ஒரு படி கொடுத்து அக்குடும்பத்தைக் காப்பாற்றிவிடுகிறார்கள். கடைக்காரர் சும்மா இருப்பாரா? மூட்டைகளைக் குறைத்து வாங்குகிறார், விலையை ஏற்றுகிறார். இப்போது சண்டை ஒரு வீட்டோடுதான். ஏறிய விலையோ எல்லா வீட்டுக்கும். மாதச் சம்பளம் வாங்கும் கிராணி வீட்டில் முணுமுணுப்போடு நின்றுவிடும். தினச்சம்பளக்காரர் வீட்டில் ஒரு வேளைச் சோறு குறையும்.

வாங்குகிறவருக்கும் இதே வலிமை உண்டு. தோட்டத்தில் காய்கறி பயிரிடுகிறவரிடம் வாங்கும் ஒரே ஆள் அந்தக் கடைக்காரர்தான் என்றால், "உன் கத்தரிக்காய் எனக்கு வேண்டாம்" என்ற ஒரு சொல்லே போதுமானது. இந்த இரண்டு வகையையும் எண்ணெயின் வரலாற்றில் பார்க்கிறோம்.

கச்சா எண்ணெயை அளக்கும் பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 159 லிட்டர் கொள்ளும். மேற்காசியாவில், பாரசீக வளைகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளில் மண்ணுக்கடியில் எண்ணெய் நிறைய உண்டு. பிள்ளைகள் வரைபடத்தில் ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா என்று விரலால் தொட்டுக் காட்டலாம். நெடுங்காலம் அதைத் தோண்டியதும் விற்றதும் விலை வைத்ததும் அந்நாட்டவர் அல்லர். அமெரிக்க, பிரிட்டிஷ், டச்சுக் கம்பெனிகள். முன்னணியில் நின்ற ஏழு கம்பெனிகளுக்கு 'ஏழு சகோதரிகள்' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. மண்ணுக்குரிய நாடுகளின் வருமானம் அந்தக் கம்பெனிகள் அறிவிக்கும் விலையைப் பொறுத்தே இருந்தது. 1960 ஆகஸ்டில் கம்பெனிகள் யாரையும் கேட்காமல் அந்த விலையைக் குறைத்தன. அரசாங்கங்களின் வருமானம் ஒரே நாளில் குறைந்தது. மறு மாதமே ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் பாக்தாத் நகரில் கூடி ஒரு சங்கம் அமைத்தன. ஒபெக் என்று செய்தியில் கேட்கிறோமே, அது அப்படிப் பிறந்ததுதான். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கத்தின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர் நடந்தது. எகிப்தின் சினாய், சிரியாவின் கோலான் மேடு, ஜோர்தான் நதியின் மேற்குக் கரை, காசா ஆகியவை இஸ்ரேல் வசமாயின. அப்போதே சில அரபு நாடுகள் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் எண்ணெய் தர மறுத்தன. ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கா தன் சொந்தக் கிணறுகளை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டது, தட்டுப்பாடு தீர்ந்தது. வருமானத்தை இழந்தவர்கள் தடை போட்டவர்களே. பக்கத்து ஊரில் இன்னொரு கடை திறந்திருக்கும்வரை நம் கடைக்காரரின் மிரட்டல் செல்லாது அல்லவா?

அந்த இன்னொரு கடை 1970இல் மெல்ல மூடத் தொடங்கியது. அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி அவ்வாண்டு உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. 1973க்குள் அந்நாடு தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவும் ஜப்பானும் பெரும்பாலும் மேற்காசியாவையே நம்பியிருந்தன.

இந்த நிலையில் 1973 அக்டோபர் 6ஆம் நாள் எகிப்தும் சிரியாவும் இழந்த நிலத்தை மீட்க இஸ்ரேலின்மீது போர் தொடுத்தன. அமெரிக்கா இஸ்ரேலுக்கு விமானங்களில் ஆயுதம் அனுப்பியது. இதன் பிறகு நடந்தவற்றைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். உண்மையில் அடுத்தடுத்த நாட்களில் எடுக்கப்பட்ட இரண்டு தனித்தனி முடிவுகள் அவை. அக்டோபர் 16ஆம் நாள் குவைத்தில் கூடிய வளைகுடா நாடுகள் எண்ணெய் விலையைத் தாமாகவே 3.01 டாலரிலிருந்து 5.12 டாலருக்கு உயர்த்தின. கம்பெனிகளைக் கேட்கவில்லை. இதில் அரபு நாடல்லாத ஈரானும் சேர்ந்திருந்தது. மறுநாள், 17ஆம் நாள், அரபு நாடுகள் மட்டும் இன்னொரு முடிவு செய்தன: இஸ்ரேல் 1967இல் பிடித்த இடங்களைவிட்டு வெளியேறும்வரை மாதந்தோறும் உற்பத்தியைக் குறைந்தது நூற்றுக்கு ஐந்து வீதம் குறைத்துக்கொண்டே போவது என்று. அக்டோபர் 19ஆம் நாள் அமெரிக்க அதிபர் நிக்சன் இஸ்ரேலுக்கு 220 கோடி டாலர் உதவி கேட்டுத் தம் நாட்டுக் காங்கிரஸை அணுகினார். மறுநாள் சவூதி அரேபியா அமெரிக்காவுக்கு எண்ணெயை அடியோடு நிறுத்தியது. இஸ்ரேலுக்கு ஆதரவாக நின்ற நெதர்லாந்தும் தடைக்கு உள்ளாயிற்று.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நவம்பர் 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நெதர்லாந்தில் யாரும் காரை வெளியே எடுக்கக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. வேகச் சாலைகளில் சிறுவர்கள் சைக்கிள் ஓட்டினார்கள். ஜப்பானில் எல்லாம் தட்டுப்பாடாகப் போகிறது என்று யாரோ கிளப்பிவிட, ஓசாக்கா அருகே இல்லத்தரசிகள் கடைகளில் புகுந்து கழிப்பறைத் தாளை அள்ளிப் போனார்கள். அந்தப் பீதி நாடு முழுவதும் பரவியது. சிரிப்பாக இருக்கலாம், சீனி கிடைக்காது என்ற வதந்தி வந்தால் நம் பக்கம் என்ன நடக்கும் என்பதை நினைத்துக்கொண்டு பிறகு சிரிப்போம். அமெரிக்காவில் பெட்ரோல் நிலையங்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசை பிடித்து நின்றன. சில மாநிலங்களில் காரின் எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஒருநாள்விட்டு ஒருநாள் பெட்ரோல் ஊற்றினார்கள்.

நெருக்குதல் வேலை செய்ததா? ஓரளவு செய்தது. நவம்பர் 6ஆம் நாள் ஐரோப்பியச் சமூகத்தின் ஒன்பது நாடுகளும், இஸ்ரேல் 1967 முதல் பிடித்து வைத்திருக்கும் நிலத்தைவிட வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. அமெரிக்காவின் சொல்லைத் தட்டாத ஜப்பானும் நவம்பர் 22ஆம் நாள் அதே திசையில் பேசியது. அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் தலைநகருக்குத் தலைநகர் பறந்தார். 1974 ஜனவரியில் எகிப்துப் படையையும் இஸ்ரேல் படையையும் விலக்கி நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் முக்கியமாகக் குறிவைத்த அமெரிக்காவுக்கு எண்ணெய் அடியோடு நின்றுபோகவில்லை. கம்பெனிகள் அரபு எண்ணெயை வேறு நாடுகளுக்கும், வேறு நாட்டு எண்ணெயை அமெரிக்காவுக்கும் மாற்றி அனுப்பின. அக்கம் பக்கத்தார் ஆளுக்கொரு படி அரிசி கொடுத்த கதைதான். 1974 மார்ச் 18ஆம் நாள் அமெரிக்காவின்மீது இருந்த தடையைப் பெரும்பாலான அரபு நாடுகள் நீக்கின. இஸ்ரேல் 1967இன் எல்லைக்குத் திரும்பியிருக்கவில்லை.

தடை போயிற்று, விலை போகவில்லை. 1973 டிசம்பரில் தெஹ்ரானில் கூடிய வளைகுடா நாடுகள், 1974 ஜனவரி முதல் நாளிலிருந்து பீப்பாய் 11.65 டாலர் என்று வைத்துவிட்டன. மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய நான்கு மடங்கு. இதில் முன்னின்றவர் ஈரானின் ஷா மன்னர். அவர் தடையில் சேரவே இல்லை. அமெரிக்காவின் நண்பர் வேறு. அரசியலுக்காக ஒருவர் கதவைத் திறந்துவிட, வருமானத்துக்காக இன்னொருவர் உள்ளே நுழைந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 3.01 டாலர் என்றால் ஒரு லிட்டருக்கு இரண்டு அமெரிக்க சென்டுக்கும் குறைவு. அந்த விலையில்தான் பணக்கார நாடுகள் பல ஆண்டு தொழிற்சாலை ஓட்டின. ரப்பர் விலையை லண்டனில் யாரோ வைக்கக் கண்ட நம்மவருக்கு அந்தக் கோபம் புரியாத கோபம் அன்று.

ஆனால் 11.65 டாலர் எல்லாருக்கும் 11.65 டாலர்தான். இந்தியா இஸ்ரேலுக்கு ஆயுதம் தரவில்லை. அரபு நாடுகளின் பக்கமே பேசியது. இருந்தும் அதே விலையைத்தான் கொடுத்தது. மண்ணெண்ணெய் விலை ஏறியது. எண்ணெயிலும் இயற்கை வாயுவிலும் இருந்து செய்யும் உரத்தின் விலையும் ஏறியது. ஏற்கெனவே மழை பொய்த்து நொந்திருந்த இந்தியாவில் 1974இல் விலைவாசி ஓராண்டுக்குள் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் உயர்ந்தது. ஜப்பானும் ஜெர்மனியும் காரும் இயந்திரமும் விற்று அந்தப் பணத்தைத் திரும்ப ஈட்டின. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் உள்ள ஏழை நாடுகளிடம் விற்பதற்கு என்ன இருந்தது? கடன் வாங்கின.

இனி நம் கதைக்கு வருவோம். அதற்குக் கொஞ்சம் பின்னால், 1941க்குப் போக வேண்டும். ஜப்பானிடம் எண்ணெய் இல்லை. வேண்டியதில் பெரும்பகுதியை அமெரிக்காவிடம் வாங்கியது. சீனாவோடு போரிட்டுக்கொண்டிருந்த ஜப்பான் 1941 ஜூலையில் இந்தோசீனாவின் தென்பகுதிக்குள் படையை இறக்கியது. அமெரிக்கா அதன் பணத்தை முடக்கிற்று, எண்ணெய் நின்றுபோனது. பிரிட்டனும் டச்சுக்காரரும் அவ்வாறே செய்தனர். ஜப்பான் பணியும் என்று எதிர்பார்த்தார்கள். ஜப்பானோ சுமத்ராவிலும் போர்னியோவிலும் உள்ள எண்ணெய்க் கிணறுகளைத் தானே எடுத்துக்கொள்ளப் புறப்பட்டது. டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கியது. 16ஆம் நாள் சரவாக்கின் மிரியில். பிப்ரவரியில் சுமத்ராவின் பாலெம்பாங்கில். படையெடுப்புக்கு எண்ணெய் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். பெரிய காரணங்களில் அது ஒன்று. அதன் பிறகு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டதையும், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் சயாம் மரண இரயில் என்ற பெயரே சொல்லிவிடும். வாஷிங்டனில் எண்ணெயை நிறுத்திய அதிகாரிகளின் கணக்கில் இந்த லயங்கள் இருந்திருக்குமா?

மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் கிடைக்காமல் போயிற்று. உடனே அவர்கள் எண்ணெயிலிருந்து எடுக்கும் பொருள்களைக் கொண்டு செயற்கை ரப்பர் செய்யப் பெரிய தொழிற்சாலைகளை எழுப்பினார்கள். போர் முடிந்த பின்னும் அவை மூடவில்லை. 1970களின் தொடக்கத்தில் உலகம் பயன்படுத்திய ரப்பரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயற்கை ரப்பர்தான். ஆகவே ரப்பர் மரத்துக்குப் போட்டி எண்ணெய்க் கிணறு என்றாகிவிட்டது.

இப்போது 1973இன் விலையேற்றத்தை இதில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் விலை ஏறினால் செயற்கை ரப்பர் செய்யும் செலவு ஏறும். டயர்க் கம்பெனி மரத்துப் பாலைத் தேடி வரும். 1973 இறுதியிலும் 1974 தொடக்கத்திலும் அப்படியே நடந்தது; நம் ரப்பருக்கு நல்ல விலை. அக்காலச் சம்பள ஒப்பந்தங்களில் பால் வெட்டுவோர் சம்பளத்தில் ஒரு பகுதி ரப்பர் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆகவே சில மாதங்கள் கைக்கு இரண்டு காசு கூடுதலாக வந்தது. ஆனால் அதே எண்ணெய் விலையால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொழில் மந்தமாயிற்று. கார் வாங்குவோர் குறைந்தனர். கார் இல்லையென்றால் டயர் எதற்கு? 1974இல் ரப்பர் விலை சரியத் தொடங்கி, ஆண்டு இறுதியில் அதலபாதாளத்துக்குப் போயிற்று. அரிசி, மாவு, சீனி இவற்றின் விலையோ ஏறியது ஏறியபடியே நின்றது.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். விற்கும் பொருளின் விலை இறங்குகிறது. வாங்கும் பொருளின் விலை ஏறியே நிற்கிறது. நடுவில் அகப்பட்டவர்கள் பால் வெட்டுகிறவர்கள். 1974 நவம்பரிலும் டிசம்பரிலும் கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்களும் பால் வெட்டுவோரும் ஊர்வலம் போனார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரக் குடியானவர்கள். அவர்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டார்கள், பலர் கைதானார்கள். அந்தக் குடியானவர்களுக்கும் சினாய்ப் பாலைவனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், இத்தனை நேரம் நாம் சொன்னதுதான் தொடர்பு.

அதே 1974இல், ஆகஸ்டு 17ஆம் நாள், மலேசியா பெட்ரோனாஸ் நிறுவனத்தை அமைத்து நாட்டின் எண்ணெயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. விலை ஏறினால் அரசாங்கத்துக்கு வருமானம் என்ற புதிய நிலை நமக்கு வந்தது. அதுவும் முழு ஆதாயம் அன்று. விலை விழுந்தால் அடியும் உண்டு. 1979இல் ஈரானில் புரட்சி நடந்து எண்ணெய் விலை முப்பது டாலரைத் தாண்டிய பிறகு, பணக்கார நாடுகள் சிக்கனம் பழகின. வடகடலிலும் அலாஸ்காவிலும் புதிய எண்ணெய் வந்தது. 1974 நவம்பரில் அவர்கள் அமைத்த அனைத்துலக எரிசக்தி அமைப்பின் விதிப்படி, உறுப்பு நாடுகள் இன்று 90 நாள் இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைச் சேமிப்பில் வைக்க வேண்டும். பழைய ஆயுதத்தின் கூர் மழுங்கியது. 1986இல் விலை பத்து டாலர் அளவுக்கு விழுந்தபோது, ஏற்கெனவே ஈயமும் செம்பனை எண்ணெயும் விலை இழந்து தத்தளித்த மலேசியா இன்னும் சிரமப்பட்டது.

கத்தரிக்காய்க்காரர் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. 1951இல் ஈரானின் பிரதமர் முசாதிக் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியைத் தேசியமயமாக்கினார். பிரிட்டன் ஈரானின் எண்ணெயை யாரும் வாங்காதபடி செய்தது. வாங்கி ஏற்றிச் சென்ற கப்பலை ஏடனில் மறித்தது. ஈரானின் வருமானம் வற்றியது. 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் கைவேலையோடு முசாதிக் வீழ்த்தப்பட்டார்.

நம் நாளிலும் அது நடக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனின்மீது படையெடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐரோப்பிய நாடுகள் கடல்வழியாக வரும் ரஷ்ய எண்ணெயை வாங்குவதை நிறுத்தின. அத்தோடு அமெரிக்கா முதலிய நாடுகளும் சேர்ந்து, பீப்பாய் 60 டாலருக்கு மேல் விற்கும் ரஷ்ய எண்ணெய்க்குத் தங்கள் கப்பலும் காப்புறுதியும் கிடையாது என்று விதித்தன. 1973இல் விற்பவர் விலையை உயர்த்தி நெருக்கினார். இங்கே வாங்குபவர் விலையை அமுக்கி நெருக்கினார். ரஷ்யா பழைய கப்பல்களைத் தேடிப் பிடித்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தள்ளுபடியில் விற்றது. வாங்க வேறு ஆள் இருக்கும்வரை இந்த மிரட்டலும் பாதிதான் செல்லும்.

இன்று நம் தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை. எண்ணெய் விலை ஏறினால் செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்ய ஆள் வருவார்கள். பழத்துக்கும் விலை வரும். 2022இல் உக்ரேனின் சூரியகாந்தி எண்ணெயும் வராமல் போகவே, செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. உர விலையும் கூடவே ஏறியது. வீட்டுச் சமையல் எண்ணெயும் ஏறியது. சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கை மறந்திருக்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் கச்சா எண்ணெயின் விலை, செம்பனை எண்ணெயின் விலை, அம்மா கடையில் கொடுத்த சமையல் எண்ணெயின் விலை மூன்றையும் குறித்து வாருங்கள். ஆறு மாதம் கழித்து அதை வகுப்புக்குக் கொண்டுவந்து, எது முதலில் ஏறியது, எது கடைசியில் இறங்கியது என்று உங்கள் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.